நோயாளியும் வீட்டாரும் மேசையில் உட்கார: பெங்களூரு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு செய்முறை

பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாசலருகே ஒரு கருத்துப் பெட்டி மாட்டியிருக்கும். பூட்டு துருப்பிடித்திருக்கும், சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பதிவேட்டில் மட்டும் மக்கள் பங்கேற்பு என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும். இங்கே சொல்லப்போவது வேறு. நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும் டாக்டரோடும் நர்சோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அடுத்த மாதம் எதை மாற்றுவது என்று சேர்ந்து முடிவெடுக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். கருத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முடிவைத் தாங்களே எடுக்கும் நிலையங்களில் மூன்றாவது கூட்டத்துக்கு ஆள் வராது. வராததற்கு மக்களின் அக்கறையின்மையைக் காரணம் சொல்வது வழக்கம். அது சரியான காரணம் அல்ல.

முதலில் அதிகாரம் எங்கே என்று பாருங்கள்

புதிதாக ஒரு கமிட்டி தொடங்க வேண்டியதில்லை. அரசு சுகாதார நிலையத்தின் நோயாளி நலக் குழு, பல மாநிலங்களில் ரோகி கல்யாண் சமிதி என்று இருப்பது, கர்நாடகத்தில் ஆரோக்ய ரக்ஷா சமிதி. நிலையத்துக்கு வரும் நிதியைச் செலவழிக்கத் தீர்மானம் போடுவது இந்தச் சமிதிதான். தெரு அளவில், 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கீழ் மகிளா ஆரோக்ய சமிதிகள் என்ற பெண்கள் குழுக்கள் உண்டு: 50 முதல் 100 வீடுகளுக்கு ஒன்று, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரான ஆஷா உடனிருப்பார், இன்ன செலவுக்கு என்று முன்கூட்டியே கட்டிவைக்காத நிதி ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை. இரண்டுமே காகிதத்தில் மட்டும் உயிரோடு இருப்பது சகஜம். ஆனாலும் நீங்கள் அமைக்கும் சிறு குழுவை ஆரோக்ய ரக்ஷா சமிதியின் துணைக்குழு என்று ஒரு வரித் தீர்மானமாவது எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், நிழலுக்கு ஒரு ஷீட் போடலாம் என்று குழு முடிவெடுத்தாலும் பணம் எடுக்க வழியிருக்காது.

டாக்டர் தயங்கினால் எடுத்துச் சொல்ல இன்னொரு விஷயம் இருக்கிறது. தேசியத் தர உறுதிச் சான்றுக்கு, அதாவது என்.க்யூ.ஏ.எஸ்.சுக்கு, மதிப்பீட்டாளர்கள் வரும்போது நேரில் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது ஆகியவற்றோடு நோயாளியிடமும் பேசுவார்கள். அன்றைக்கு மட்டும் நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்துச் சமாளிப்பதைவிட, ஆண்டு முழுக்க அவரோடு பேசி வைத்திருப்பது டாக்டருக்கே லாபம்.

யாரைக் கூப்பிடுவது

பத்துப் பேர் போதும். ஆறு பேர் நோயாளிகள் அல்லது வீட்டார். நான்கு பேர் ஊழியர்கள். ஊழியர்களில் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், ஆஷா. மருந்தாளுநரை விட்டுவிடாதீர்கள்: வரும் புகார்களில் பெரும்பகுதி அவருடைய ஜன்னலில்தான் வெடிக்கிறது, பெரும்பாலும் அவர் தவறே இல்லாமல்.

நோயாளிப் பக்கத்தில் கீழ்க்கண்ட வகையினர் இருக்கிறார்களா என்று பாருங்கள். மாதாமாதம் பிரஷர், சுகர் மாத்திரை வாங்கும் ஒருவர். கர்ப்பிணி அல்லது கைக்குழந்தைக்காரி. படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவர். பகலில் வரவே முடியாத ஒருவர்: விடிகாலையில் தெருவைப் பெருக்க இறங்கும் பௌரகார்மிகரோ, கார்மென்ட்ஸ் போகும் பெண்ணோ. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர். கடைசியாக, ஒருமுறை வந்துவிட்டு இனி இங்கே வரவே மாட்டேன் என்று தனியார் கிளினிக்குக்குப் போய்விட்டவர். இவரைக் கண்டுபிடிப்பது கடினம், ஆனால் இவர்தான் அதிகம் சொல்வார். ஆஷாவுக்குத் தெருவில் யார் என்று தெரிந்திருக்கும்.

காசநோய்த் திட்டத்தில், சிகிச்சை முடித்தவர்களை டிபி சாம்பியன் என்று பயிற்சி கொடுத்துப் பேச வைக்கிறார்கள். உங்கள் பகுதியில் ஒருவர் இருந்தால் அவரை அழைக்கலாம். ஆனால் அவர் தன் நோயைத் தானே வெளியில் சொல்லிக்கொள்பவராக இருந்தால் மட்டும். வேறு எந்தக் காசநோயாளியையும், எச்.ஐ.வி. உள்ள யாரையும் அந்த அடையாளத்தோடு அழைக்கக் கூடாது.

வழக்கமாக நடக்கும் பிழை, வட்டாரச் சங்கத் தலைவரையும் கட்சிக்காரரையும் அழைப்பது. அவர்களுக்கு ஆரோக்ய ரக்ஷா சமிதியில் இடம் இருக்கட்டும். இந்தச் சிறு குழுவில் அவர்கள் உட்கார்ந்தால் மற்ற ஐந்து பேரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டம் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் போய்விடும்.

எப்போது, எங்கே, எந்த மொழியில்

காலை பதினொரு மணி டாக்டருக்கு வசதி, வேறு யாருக்கும் இல்லை. தமிழர் நிறைய வாழும் அல்சூர், மர்ஃபி டவுன், விவேக்நகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தேதி குறிக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அன்றைக்குக் காவேரித் தண்ணீர் விடும் முறையா? வெள்ளிக்கிழமை மதியத் தொழுகையோ ஞாயிறு காலைப் பூசையோ குறுக்கே வருகிறதா? கார்மென்ட்ஸில் சம்பள நாளா? தண்ணீர் வரும் நாளில் குடத்தை விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் கூட்டத்துக்கு வரமாட்டாள். வந்தாலும் மனசு குழாயடியில் இருக்கும். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் முடிப்பது பல இடங்களுக்கு ஒத்துவரும்.

ஆட்டோ கட்டணமும் டீயும் கட்டாயம். அரைநாள் கூலியை இழந்து வருபவருக்கு அதை ஈடுகட்டச் சமிதியில் தீர்மானம் போட முடியுமா என்று பாருங்கள். ஊழியர் நான்கு பேரும் சம்பள நேரத்தில் உட்கார்ந்திருக்க, மற்ற ஆறு பேரும் சேவையாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். டாக்டரின் மேசைக்கு எதிரே பெஞ்சு போட்டால் அது ஓ.பி.யாகவே தெரியும்; ஆளுக்கொரு வியாதியைச் சொல்லத் தொடங்குவார்கள். பேச்சு தமிழிலும் கன்னடத்திலும் கலந்தே நடக்கும், நடக்கட்டும். அலுவலகத்துக்கான குறிப்பு கன்னடத்தில் எழுதப்படும். அதை முடிவில் உரக்கப் படித்து, தமிழிலும் சொல்லி, அதன்பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். கன்னடம் சரளமாகப் பேசுகிற தமிழர்களில் பலருக்கு அதைப் படிக்க வராது என்பதை மறந்துவிடாதீர்கள்.

திருப்தியா என்று கேட்காதீர்கள்

மாத்திரை கொடுத்தவரே, கொடுத்த கையோடு "எல்லாம் நல்லா இருக்கா அம்மா?" என்று கேட்டால் "நல்லா இருக்குங்க" என்றுதான் பதில் வரும். அடுத்த மாதமும் அதே ஜன்னலுக்கு வர வேண்டுமே. ஆகவே கேட்பவர் ஊழியராக இருக்கக் கூடாது. கேட்கும் இடம் வளாகத்துக்கு வெளியே, டீக்கடைப் பக்கம் இருக்க வேண்டும். கேள்வி அபிப்பிராயத்தைப் பற்றி இல்லாமல் நடந்ததைப் பற்றி இருக்க வேண்டும். இந்த ஐந்தும் போதும்:

"எழுதிக் கொடுத்த மாத்திரை எல்லாம் உள்ளேயே கிடைச்சதா? எது கிடைக்கல?"

"டாக்டர்கிட்ட பேசும்போது பக்கத்துல வேற நோயாளி நின்னுட்டிருந்தாங்களா?"

"கேக்கணும்னு நினைச்சு கேக்காம வந்தது ஏதாவது இருக்கா?"

"அடுத்து எந்தத் தேதிக்கு வரணும், எதுக்கு வரணும்?"

"இன்னைக்கு இங்க வந்ததுல மொத்தம் எவ்வளவு செலவு, கூலியும் சேர்த்து?"

முப்பது பேரிடம் கேட்டால் படம் தெளிவாகிவிடும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை அப்படியே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். சுருக்கி எழுதினால் உயிர் போய்விடும்.

நேரச் சீட்டு

கூட்டம் அதிகம், காத்திருப்பு அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கே அதிகம் என்று யாருக்கும் தெரியாது. உள்ளங்கை அளவு சீட்டில் ஐந்து கோடு போட்டு நோயாளியின் கையில் கொடுங்கள்: வாசலுக்கு வந்தது, ஓ.பி. சீட்டு வாங்கியது, டாக்டரைப் பார்த்தது, ரத்தப் பரிசோதனை முடிந்தது, மாத்திரையோடு வெளியேறியது. ஒவ்வொரு இடத்திலும் குழுவைச் சேர்ந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நிரப்பட்டும். திங்கள்கிழமை ஒரு நாள், வாரத்தின் நடுவில் ஒரு நாள், நாளுக்கு 20 சீட்டு.

சராசரி போடாதீர்கள். யாரோ ஒருவர் சாப்பிடப் போய்விட்டு வந்தால் மொத்தக் கணக்கும் கெடும். 20 சீட்டையும் குறைந்த நேரத்திலிருந்து வரிசையாக அடுக்கி, 10ஆவது, 11ஆவது சீட்டுகளுக்கு நடுவே உள்ள நேரத்தை எடுங்கள். அதோடு கடைசி இரண்டு சீட்டுகள் யாருடையவை என்றும் பாருங்கள். டோக்கனைப் போனில் ஸ்கேன் செய்து வாங்கும் முறை வந்த இடங்களில், ஸ்மார்ட்போன் இல்லாத வயதானவர்கள் அந்தக் கடைசிச் சீட்டுகளில் இருக்கிறார்களா என்று தனியாகக் கவனிக்க வேண்டும்.

மாத்திரைக் கவரை மேசையில் கொட்டுங்கள்

செலவில்லாத, ஆனால் ஊழியர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் பயிற்சி இது. இரண்டாவது கூட்டத்துக்கு ஆறு வீட்டாரும் வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும், எந்த டப்பாவில் இருக்கிறதோ அந்த டப்பாவோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

மேசையில் விரியும்போதுதான் தெரியும். பத்து மாத்திரை அட்டையைக் குறுக்கே வெட்டி ஐந்து கொடுத்திருப்பார்கள். மருந்தின் பெயர் பாதி இந்தத் துண்டில், காலாவதித் தேதி முழுக்க மருந்தகத்திலேயே தங்கிவிட்ட அந்தத் துண்டில். இரண்டு பழுப்புக் கவர்கள், இரண்டிலும் வெள்ளை வட்ட மாத்திரை, ஒன்றில் பால்பாயின்ட் பேனாவால் 1-0-1, இன்னொன்றில் மை வியர்வையில் கலைந்துபோயிருக்கிறது. தனியார் டாக்டர் எழுதிய பிராண்டு மாத்திரையும் இங்கே கொடுத்த ஜெனரிக்கும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குபவர் ஒருவராவது அகப்படலாம். அப்படி அகப்பட்டால் கூட்டத்தில் அலச வேண்டாம், டாக்டர் அன்றே தனியாக அழைத்துப் பேச வேண்டும்.

ஜன்னலுக்கு உள்ளே நிற்பவர் கண்ணில் இது எதுவும் படாது. அவரைப் பொறுத்தவரை மாத்திரை கொடுத்தாயிற்று. தீர்வுகளும் அந்த மேசையிலேயே பிறக்கும்: அட்டையை வெட்டினால் மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் கவரில் எழுதிக் கொடுப்பது, கவரில் சூரியனும் நிலாவும் ரப்பர் முத்திரையாகக் குத்துவது, பழைய கவரைக் கொண்டுவந்தால்தான் புதுக் கவர் என்று ஒரு வழக்கம் வைப்பது. முத்திரை செய்ய ஆகும் செலவைச் சமிதி நிதியில் போட்டுக்கொள்ளலாம்.

கூடவே ஊழியர்களுக்கு ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலை தானாக ஆடும். "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போய் இதை எப்படி எடுத்துக்குவீங்கன்னு நீங்க சொல்லுங்கம்மா" என்று கேட்டால் அரை நிமிடத்தில் தவறு வெளியே வந்துவிடும். பரீட்சை நோயாளிக்கு இல்லை, சொன்னவருக்கு என்ற தொனி முக்கியம்.

மூன்று குவியல்

இந்த மூன்று வேலையும் முடிந்தால் இருபது முப்பது பிரச்சினைகள் கையில் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூன்று குவியலாகப் பிரியுங்கள். நிலையமே இந்த வாரம் செய்யக்கூடியது. சமிதிப் பணம் வேண்டியது. மேலிடத்துக்குப் போக வேண்டியது. மருந்து வரவில்லை என்றால் அது மாநில மருந்து வழங்கல் கழகத்தின் கிடங்கு வரை போகும் விஷயம். மருந்தாளுநரைத் திட்டிப் பயனில்லை என்று நோயாளிகளுக்கு அங்கேயே விளங்கும். அதேசமயம் மருந்து கேட்டு மேலே அனுப்பும் இண்டென்ட் எந்தத் தேதியில் போனது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, ஊழியர் அந்த ரசீதைக் காட்டவும் வேண்டும்.

முதல் மாற்றத்தை முதல் குவியலிலிருந்து மட்டும் எடுங்கள். எதை எடுப்பது என்று ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு புளியங்கொட்டையை காகிதத்தின் மேல் வைத்துத் தேர்ந்தெடுக்கட்டும். ஊழியர்கள் இதில் ஓட்டுப்போட வேண்டாம். முடியாது என்றால் காரணம் சொல்லி ஒன்றை மட்டும் தள்ளிவைக்கலாம்.

குறிப்பிட்ட ஊழியர் திட்டினார், காசு கேட்டார் என்பது போன்ற தனிப் புகார் வந்தால் அதைக் குழுவில் பேசக் கூடாது. மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு. ஒரு நர்சைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் அதற்குப் பிறகு எந்த ஊழியரும் உண்மை பேச மாட்டார்.

ஒரு மாற்றம் எப்படி நடக்கும்: பத்து நாள் மாத்திரை

பிரஷர் மாத்திரை பத்து நாளைக்குத்தான் தருகிறார்கள் என்பதை உதாரணமாக எடுப்போம். நிலையத்தில் பதிவான பிரஷர் நோயாளிகள் 300 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் மாதம் 900 வருகை. முப்பது நாளைக்குக் கொடுத்தால் 300. மாதம் 25 வேலை நாள் என்றால் வரிசையில் தினமும் 24 பேர் குறைவார்கள். கணக்கை இப்படிப் போட்டுக் காட்டினால், மறுப்பதாக இருந்த ஊழியரே முதல் ஆதரவாளர் ஆகிவிடுவார்.

"அவ்வளவு ஸ்டாக் இல்லையே" என்பது அடுத்து வரும். பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் 5 மி.கி. நாளுக்கு ஒன்று என்றால் மாதத் தேவை 9,000 மாத்திரை. பத்து நாளாகக் கொடுத்தாலும் முப்பது நாளாகக் கொடுத்தாலும் மொத்தம் அதேதான். எல்லோரும் ஒன்றாம் தேதியே வந்து நின்றால்தான் சிக்கல். ஆகவே தெருவாரியாக நான்கு வாரங்களுக்குப் பிரித்து, வாரத்துக்கு 75 பேர், 2,250 மாத்திரை என்று வையுங்கள். கையிருப்பு 9,000த்துக்குக் கீழே இறங்கிய அன்றே இண்டென்ட் போக வேண்டும். தீர்ந்தபிறகு இண்டென்ட் போடுவதும் தட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம். புதிதாகச் சேர்ந்தவர், மருந்தளவு மாறிக்கொண்டிருப்பவர் ஆகியோர் எத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்பது டாக்டரின் முடிவு, அதில் ஓட்டெடுப்பு கிடையாது.

முதல் வாரம் பத்துப் பேரிடம் மட்டும் செய்து பாருங்கள். யாராவது மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குப் பகிர்ந்துவிட்டார்களா, தொலைத்தார்களா, அடுத்த தேதிக்கு வந்தார்களா? சரிசெய்து இரண்டாவது வாரம் ஒரு தெருவுக்கு விரியுங்கள். தரப் பயிற்சிகளில் பி.டி.எஸ்.ஏ. (திட்டமிடு, செய்துபார், ஆராய், அதன்படி நட) என்று சொல்வது இதைத்தான்.

அளக்க இரண்டே எண்கள். இந்த வாரம் வர வேண்டியவர்களில் எத்தனை பேர் வந்தார்கள். வந்தவர்களில் எத்தனை பேருக்கு 140/90க்குக் கீழே இருந்தது. வாரம் ஒரு புள்ளி, கிராஃப் தாளில், வெளிச்சுவரில். மாற்றத்துக்கு முந்தைய வாரங்களின் எண்களை வரிசையாக அடுக்கி, நடுவில் வரும் எண்ணில் ஒரு கோடு போடுங்கள்; அந்த நடுக்கோட்டுக்கு மேலே தொடர்ந்து ஆறு புள்ளி விழுந்தால் மாற்றம் உண்மையானது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் ஏறுவதும் மறுவாரம் இறங்குவதும் வெறும் ஆட்டம், அதற்குப் பாராட்டும் வேண்டாம், விளக்கம் கேட்கவும் வேண்டாம்.

பிரஷர் பார்க்கும் விதத்திலேயே எண் மாறும் என்பதால் அதையும் நோயாளிகளிடம் ஒப்படையுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பேச்சு கூடாது, அரைமணி முன்பு வரை காபியோ புகையிலையோ கூடாது. இதைப் படமாக மாட்டி, "நான் இன்னும் அஞ்சு நிமிஷம் உட்காரலைங்க" என்று நோயாளி சொல்லலாம் என்று நர்சே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்ல அனுமதி கிடைத்ததாக நோயாளி நம்புவதற்கே இரண்டு மாதம் ஆகும்.

வீட்டார் வேறு, நோயாளி வேறு

இங்கேதான் நல்லெண்ணம் உள்ளவர்களும் சறுக்குகிறார்கள். மாமியாரைக் கேட்டால் மருமகள் பதில் சொல்வார். மனைவியைக் கேட்டால் கணவர் சொல்வார். உடன் வருபவர் யார் என்பதை நோயாளி தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு வருகையிலும், எடை பார்க்கும் சாக்கிலாவது, நோயாளியிடம் தனியாக ஒரு நிமிடம் பேச வேண்டும். கருத்தடை, வீட்டில் அடி, குடி, மனச்சோர்வு பற்றி வீட்டார் முன்னிலையில் ஒருபோதும் கேட்காதீர்கள்.

பார்த்துக்கொள்பவருக்கும் தனிக் குரல் வேண்டும். பக்கவாதம் வந்த அப்பாவைப் புரட்டிப் போட்டுப் போட்டு இடுப்பு ஒடிந்த மகளிடம் "அப்பா எப்படி இருக்கார்?" என்று மட்டும் கேட்டு முடித்துவிடுகிறோம். "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்பதையும் வீட்டுக்குப் போகும் நர்சின் படிவத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

குழுவில் கேட்டது குழுவோடு என்று முதல் கூட்டத்திலேயே எல்லோரும், டாக்டர் உட்பட, கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்அப் குழு வைத்தால் கூட்டத் தேதிக்கு மட்டும். ஓ.பி. சீட்டின் படம் ஒன்று அதில் விழுந்தால்கூட நம்பிக்கை போய்விடும்.

திருப்பிச் சொல்லுங்கள், டாக்டர் மாறினாலும்

ஒவ்வொரு மாதமும் சுவரில் ஒரே ஒரு அட்டை: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, செய்ய முடியாதது, ஏன். கடைசி இரண்டையும் எழுதத் தயங்கும் நிலையங்கள் உண்டு. எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆஷா தெருவில் சொல்லட்டும்.

உறுப்பினர் பதவி ஓராண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பேர் மாறட்டும். ஒரே ஆட்கள் மூன்று ஆண்டு இருந்தால் ஊழியர்களைப் போலவே யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். மருத்துவ அலுவலர்கள் அடிக்கடி மாறுவதால், குழுவின் நோட்டுப் புத்தகத்தை அவர் மேசையில் வைக்க வேண்டாம். ஒரு பிரதி ஆஷாவிடமும் ஒன்று மகிளா ஆரோக்ய சமிதியிடமும் இருக்கட்டும். புது டாக்டர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், குழுவின் இரண்டு நோயாளிகள் அந்த நோட்டோடும் கிராஃப் தாளோடும் அவரைப் போய்ப் பார்த்து, அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டு எழுதி வாங்கி வர வேண்டும்.